குற்றம் கூடிவிட்டதா, குற்றச் செய்தி கூடிவிட்டதா?

மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி வீட்டில் ஒரு வாக்குவாதம். "காலம் கெட்டுப்போச்சு, முன்னெல்லாம் கதவைத் தாழ் போடாமல் தூங்குவோம்" என்று பெரியப்பா ஆரம்பித்தார். "அப்போது வீட்டில் திருட என்ன இருந்தது பெரியப்பா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். அதற்கப்புறம் யாரும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. எங்கள் குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தூக்கம் வராமல், அதில் மூன்று மாதமாக வந்த 'உஷார்' செய்திகளை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முக்கால்வாசி எங்கோ எப்போதோ எடுத்த சிசிடிவி காட்சிகள். இடமும் இல்லை, தேதியும் இல்லை. எங்கள் கட்டடத்தில் நடந்ததாகச் சொன்னவை மூன்றே மூன்று. சுவரேறிக் குதித்த 'மர்ம நபர்' கேபிள் சரிசெய்ய வந்தவர். காணாமல் போன பைக்கை அந்த வீட்டுப் பையனே சொல்லாமல் எடுத்துப் போயிருந்தான். மூன்றாவதுதான் நிஜத் திருட்டு, படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்த ஒரு சைக்கிள். அதற்குக் குழுவில் வந்த பதில்கள் இரண்டு. கேபிள்காரருக்கு வந்தவை நாற்பதைத் தாண்டும்.

குற்றம் உண்மையிலேயே கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் ஏன்? கூடவில்லை என்றால் ஏன் எல்லாருக்கும் கூடியதாகவே தோன்றுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணை

பெரியப்பா சொன்னதுதான் சரி. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

கணக்குப்புலி

பெரியப்பாவுக்கு உலகம் முழுக்கத் துணை இருக்கிறது. அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் "போன வருடத்தைவிட நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா?" என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. 1993-லிருந்து 2023 வரை எடுத்த 27 கணிப்புகளில் 23-ல் குறைந்தது 60 சதவீதம் பேர் "கூடிவிட்டது" என்றார்கள். அதே காலத்தில் அங்கே நடந்தது நேர் எதிர். வன்முறைக் குற்ற விகிதம் 1991-ல் லட்சம் பேருக்கு 758. சமீப ஆண்டுகளில் அதில் ஏறக்குறைய பாதி.

இந்தியாவில் 1992-ல் பதிவான கொலைகள் 40,105. லட்சம் பேருக்கு 4.6. முப்பது வருடம் கழித்து 2022-ல் 28,522, அதாவது லட்சத்துக்கு 2.1. மக்கள்தொகை எவ்வளவு ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. இன்னும் பின்னால் போனால், 13, 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொலை விகிதம் லட்சத்துக்கு 20 அளவில் இருந்ததாக வரலாற்றாய்வாளர்கள் கணிக்கிறார்கள். இன்று அங்கே சுமார் 1.

ஏறவே இல்லை என்று சொல்லவில்லை. 2020-ல் அமெரிக்காவில் கொலை ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறியது. கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு அப்படி ஓர் ஏற்றம் இருந்ததில்லை. ஓரிரு வருடத்தில் மறுபடி இறங்கத் தொடங்கியது. ஏறும், இறங்கும். "கூடிவிட்டது" என்ற பேச்சு மட்டும் இறங்குவதே இல்லை.

இரவுப்பணி

கணக்குப்புலி, எண்ணெல்லாம் அழகாக இருக்கிறது. அந்த எண்ணை யார் எழுதுகிறார்கள் என்று என்றைக்காவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

நாலு மாதம் முன்பு, வேலை முடிந்து அதிகாலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் வண்டிச் சத்தம். திரும்புவதற்குள் கையிலிருந்த போன் போய்விட்டது. அடி எதுவும் இல்லை, விரல் நகம் மட்டும் பெயர்ந்தது. அப்படியே புகார் கொடுக்கப் போனேன். நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி நீட்டினேன். படித்துவிட்டு அங்கிருந்த போலீஸ்காரர் சொன்னார்: "பறிச்சுட்டாங்கன்னு எழுதாதீங்க. தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க. சிம் கார்டு வாங்க அதுவே போதும், உங்களுக்கும் அலைச்சல் இல்லை." மிரட்டலாகவும் சொல்லவில்லை, ஏதோ உதவி செய்வது போலத்தான் சொன்னார். எனக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. வேறு தாள் வாங்கி, 'தவறுதலாகத் தொலைந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடக் கணக்கில் வழிப்பறியில் ஒன்று குறைவு. குறைத்தவர்களில் நானும் ஒருவன். நீங்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு "பயப்படாதீர்கள்" என்கிறீர்கள்.

திண்ணை

அப்படிப் போடு!

கணக்குப்புலி

இரவுப்பணி, நீங்கள் சொன்னதை மறுக்கவே மாட்டேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை 'இருட்டுக் கணக்கு' என்பார்கள். நடந்தது ஒன்று, புகாரானது ஒன்று, பதிவானது ஒன்று. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்ந்துவிடும். அதனால்தான் கொலையை எடுத்தேன். உடல் கிடந்தால் 'தொலைந்துவிட்டது' என்று எழுத முடியாது.

உதிர்வதைப் பிடிக்கத்தான் சில நாடுகளில் வீடு வீடாகப் போய் "இந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று மக்களையே கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1970-களிலிருந்தும், இங்கிலாந்தில் 1982-லிருந்தும் இது நடக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து அந்தக் கணக்கெடுப்புகளும் இறக்கத்தைத்தான் காட்டின.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். எண் ஏறுவது எப்போதும் கெட்ட செய்தி அல்ல. இந்தியாவில் பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-ல் 24,923. அடுத்த வருடம் 33,707. ஒரே வருடத்தில் அத்தனை ஆண்கள் கெட்டுப்போனார்களா? டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் சட்டம் மாறியது. குற்றத்தின் வரையறை விரிந்தது, புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே தண்டனை என்று வந்தது, வெளியே சொல்லும் துணிச்சலும் கூடியது. ஸ்வீடனில் ஒரே ஆள் தன்னைப் பல தடவை வன்கொடுமை செய்ததாக ஒருவர் புகார் சொன்னால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுவார்கள். அந்த எண்ணை மட்டும் உருவி எடுத்து வந்து அந்த நாட்டைத் திட்டுகிறவர்கள் நம் குழுக்களில் நிறையவே உண்டு.

பழைய_நிருபர்

பதினைந்து வருடம் குற்றச் செய்தி எழுதிப் பிழைத்தவன். உள்ளே எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை ஒவ்வொரு காவல் நிலையமாகப் போன் போடுவது. "சார், ராத்திரி ஏதாவது?" இந்த ஒரு வரிதான். கிடைத்ததை மாலைக்குள் எழுதிக் கொடுத்தால், பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு ஏற்ப வெட்டுவார்கள். ஆறு சம்பவம் நடந்தாலும் இரண்டுக்குத்தான் இடம். பக்கம்தான் அளவுகோல். வாசகருக்கும் ஒரு நாளைக்கு இரண்டு குற்றம்தான் கண்ணில் படும்.

அப்புறம் இருபத்து நாலு மணி நேரச் செய்தி வந்தது. இப்போது இடம் தீரவே தீராது, சம்பவம்தான் தீர்ந்துபோகும். தீர்ந்துபோனால் என்ன செய்வோம் தெரியுமா? அதே காட்சியை ஒரு மணி நேரத்தில் எட்டுத் தடவை ஓட்டுவோம். நடந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பின்னணியில் 'டும்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைச் சேர்க்கச் சொன்ன கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவருக்கு மனதில் பதிவது ஒரு குற்றம் அல்ல, எட்டு.

ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இதைச் சொன்னார். அதிக நேரம் தொலைக்காட்சி பார்க்கிறவர்கள், குறைவாகப் பார்க்கிறவர்களைவிட, தாங்கள் தாக்கப்படும் வாய்ப்பைக் கூட்டியே மதிப்பிட்டார்கள். 'கொடூர உலகம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். அப்போது கையில் போன்கூட இல்லை.

ஒன்று கவனித்திருக்கிறேன். சைக்கிள் போனது செய்தி ஆகாது, அது சாதாரணம். அரிதாக நடப்பதுதான் செய்தி. அரிதானதை மட்டுமே தினமும் பார்த்தால், அதுதான் சாதாரணம் என்று மனசு பழகிவிடும்.

குறுக்கே_பேசுபவன்

அந்த 'டும்' சத்தத்துக்கு உங்கள்மேல் ஒரு வழக்குப் போடலாமா?

பழைய_நிருபர்

தாராளமாக. ஆனால் தொலைந்துவிட்டது என்றுதான் எழுதுவார்கள்.

நீலக்குடை

சிரித்து முடித்துவிட்டீர்களா? எனக்கு இந்த இழையில் ஆரம்பத்திலிருந்தே ஓர் உறுத்தல். "பயம் அதிகம், ஆபத்து குறைவு, ஆகவே பயம் அர்த்தமற்றது" என்ற தொனியில்தான் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

புத்தகக் கணக்கு எனக்கும் தெரியும். தெருவில் அந்நியரால் தாக்கப்படுவது அதிகம் இளம் ஆண்கள், அதிகம் பயப்படுவது பெண்களும் வயதானவர்களும். இதை 'முரண்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

என் தம்பி பன்னிரண்டு மணிக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே நடந்து வருவான். நான் ஒன்பதுக்கு மேல் வெளியே இருந்தால்? வண்டியின் எண்ணைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்புவேன். பேசுகிறவர் யாரும் இல்லாவிட்டாலும் போனில் பேசுவதுபோல நடிப்பேன். விளக்கு எரியாத சந்தைச் சுற்றிக்கொண்டு போவேன், அதற்கே பத்து நிமிடம் கூடும். வீட்டுச் சாவி முன்கூட்டியே கையில் இருக்கும், விரலிடுக்கில், கூர்முனை வெளியே. இத்தனையும் செய்த பிறகு எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் கணக்கில் நான் 'பாதிக்கப்படாதவள்'. அந்தப் பத்து நிமிடம் எந்தப் பட்டியலில் வருகிறது? வேண்டாம் என்று விட்ட மாலை வகுப்பு எதில் வருகிறது? நான் பயப்படுவதால்தான் அந்த எண் குறைவாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரவில் நடக்கப் பயமா என்றுதான் எல்லாக் கணிப்பிலும் கேட்கிறார்கள். 2022-ல் உலகம் முழுக்க வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள் சுமார் 89,000 பேர் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. அதில் 55 சதவீதம் பேரைக் கொன்றது கணவன், காதலன், சொந்தக் குடும்பத்தார். ஆண்களில் அப்படிச் செத்தவர்கள் சுமார் 12 சதவீதம். பெரியப்பா கதவைத் தாழ் போடாமல் தூங்கிய காலத்தில் கதவுக்கு உள்ளே நடந்ததை யாரும் குற்றம் என்றே எண்ணவில்லை.

மொட்டைமாடி

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

திண்ணை

சரி, புள்ளிவிவரத்தை விடுங்கள். காரணத்துக்கு வருவோம். வேலை இல்லை, போதை, கையில் போன், வளர்ப்புச் சரியில்லை, தண்டனை போதாது. நாலு பேரை நடுத்தெருவில் தூக்கில் போட்டால் மறுநாளே எல்லாம் அடங்கும்.

கணக்குப்புலி

வேலையின்மை என்று எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். 2008, 2009-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோருக்கு வேலை போனது, குற்றமும் குறைந்துகொண்டே வந்தது. 1960-களில் அங்கே பணம் கொழித்தது, குற்றம் ஏறியது. ஏழ்மையைவிட, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் உள்ள வருமான இடைவெளிதான் கொலை விகிதத்தோடு நெருக்கமாக ஒட்டுகிறது என்கிறார்கள். அதிலும் கேள்விகள் இருக்கின்றன.

1990-களின் இறக்கத்துக்குச் சொல்லாத காரணமே இல்லை. பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியதால் அடுத்த தலைமுறைக் குழந்தைகளின் மூளை தப்பியது என்று ஒரு வாதம். சுவாரசியமான வாதம்தான், ஆனால் பின்னால் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், ஆரம்பத்தில் சொன்ன அளவுக்கு அதன் பங்கு பெரிதில்லை என்கிறார்கள். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியதால் வேண்டாத குழந்தைகள் பிறப்பது குறைந்தது, அதனால்தான் என்று டோனஹியூ, லெவிட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2001-ல் எழுதினார்கள், இன்னும் அடிபிடி ஓயவில்லை. உடைந்த ஜன்னலை உடனே சரிசெய்யாவிட்டால் பெரிய குற்றம் வரும் என்ற கருத்தை 1982-ல் வில்சன், கெல்லிங் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். நியூயார்க் அதைப் பிடித்துக்கொண்டு சின்னத் தப்புக்கெல்லாம் ஆளைப் பிடித்தது, குற்றமும் குறைந்தது. ஆனால் அப்படிச் செய்யாத ஊர்களிலும் அதே காலத்தில் குறைந்தது. கனடாவில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் போலீஸ் எண்ணிக்கையே குறைந்தது, குற்றமும் குறைந்தது.

எனக்குப் பிடித்த காரணம் கொஞ்சம் சப்பென்று இருக்கும். கார் பூட்டு. சரியான சாவி இல்லாமல் என்ஜின் கிளம்பாத கருவியை 1998-லிருந்து ஐரோப்பாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள். சும்மா ஓட்டிப் பார்க்கக் கார் திருடும் பையன்களின் தொழிலே படுத்துவிட்டது. யாருடைய வளர்ப்பும் மாறவில்லை.

பழைய_நிருபர்

கார் பூட்டைத் தலைப்புச் செய்தி ஆக்க முடியாதே. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

வக்கீல்_அல்ல

திண்ணை ஐயாவுக்கு. தூக்கு விஷயம். தண்டனை எவ்வளவு கொடூரம் என்பதைவிட, மாட்டுவது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் ஆளைத் தடுக்கும். இத்தாலிக்காரர் பெக்காரியா 1764-லேயே சொன்னது. பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். திருடப் போகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவதில்லை, "எவன் பிடிக்கப்போகிறான்" என்றுதான் போகிறான். அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் பத்துக் கொலையில் ஒன்பதுக்கு ஆளைக் கண்டுபிடித்தார்கள். 2020 வாக்கில் அது பாதியாகிவிட்டது. அங்கேதான் மரண தண்டனை, விஷ ஊசி எல்லாம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். குற்றம் எல்லா இடத்திலும் பரவிக் கிடப்பதில்லை. 1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பாதி அழைப்புகள் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தவை. 1945-ல் பிறந்த பிலடெல்பியா பையன்கள் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பாதிக்கு மேற்பட்ட குற்றங்களைச் செய்தது 6 சதவீதம் பேர். 'காலம் கெட்டுப்போச்சு' என்றால் எல்லாரும் கெட்டது மாதிரி இருக்கிறது. சில முனைகள், சில பையன்கள், அவ்வளவுதான். நாலு பேரை நடுத்தெருவில் தொங்கவிடுவதற்குப் பதில் அந்த நாலு முனையில் விளக்குப் போட்டு ஆள் நிறுத்தலாம்.

திண்ணை

படித்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள். சந்தோஷம். எனக்கு நடந்ததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மொட்டைமாடி

ஐயா, சொல்லுங்கள்.

திண்ணை

சொல்ல வெட்கம். போன மாதம் ஒரு போன். வங்கியிலிருந்து என்றான். என் முழுப்பெயர், பிறந்த தேதி, அட்டையின் கடைசி நாலு எண், எல்லாம் சரியாகச் சொன்னான். "உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கப் பார்க்கிறார்கள் ஐயா, உடனே நிறுத்த வேண்டும், ஒரு எண் வரும், சொல்லுங்கள்." எவ்வளவு மரியாதையான பேச்சு! என் மகன்கூட அப்படி ஐயா போட்டுப் பேசியதில்லை. சொன்னேன். ஓய்வு பெற்றபோது வந்ததில் பாதி போய்விட்டது.

வீட்டில் யாருக்கும் தெரியாது. புகாரும் கொடுக்கவில்லை. கொடுத்தால் மகனுக்குத் தெரியும். அதனால்தான் தூக்கில் போட வேண்டும் என்று எழுதினேன். என் வீட்டுக் கதவில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கிறது.

கணக்குப்புலி

ஐயா, நான் எழுதிய தொனிக்கு மன்னியுங்கள். நீங்கள் சொன்னதுதான் பழைய கணக்குகளின் பெரிய ஓட்டை. இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் இணைய மோசடி பற்றிய கேள்விகளை 2015-ல்தான் சேர்த்தார்கள். சேர்த்ததும் மொத்த எண் எங்கேயோ போய்விட்டது. இன்று அவர்கள் எண்ணும் குற்றங்களில் ஐந்தில் இரண்டு பங்கு மோசடிதான். பூட்டு உடைக்கிறவன் குறைந்தான், போனில் பேசுகிறவன் வந்தான். நான் முதலில் போட்ட எண்களில் உங்களுக்கு நடந்தது இல்லவே இல்லை.

தயவுசெய்து புகார் கொடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணம் போன கணக்கையே முடக்கியிருக்கலாம். இப்போதும் கொடுத்து வையுங்கள்.

நீலக்குடை

மகனிடமும் சொல்லுங்கள் ஐயா. திட்டுவார், திட்டட்டும். அடுத்த போன் அவருக்கும் வரலாம்.

மொட்டைமாடி

இத்தனையும் படித்துவிட்டு எங்கள் குழுவில் ஒரு வேலை செய்தேன். நேற்றும் குழந்தை கடத்தல் வீடியோ ஒன்று வந்தது. பைக்கில் வரும் இரண்டு பேர் பையனைத் தூக்கிப் போகிறார்கள். எனக்கு அது எங்கோ பார்த்த மாதிரி இருந்தது, தேடினேன். கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுத்தது. கடைசியில் பையனைத் திருப்பி இறக்கிவிட்டு ஓர் அறிவிப்புப் பலகையைக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டுத்தான் சுற்றுகிறது. 2018-ல் இதுபோன்ற வதந்திகளை நம்பி இந்தியாவில் வழிப்போக்கர்களை அடித்தே கொன்றார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. நடக்காத கடத்தலால் நடந்த கொலைகள்.

இதையெல்லாம் எழுதி, "எந்த இடம், எந்தத் தேதி என்று தெரியாமல் போடாதீர்கள்" என்று கேட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் "எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே தம்பி" என்று எழுதிவிட்டு இன்னொரு வீடியோ போட்டார்.

கேபிள்காரர் இப்போது எங்கள் கட்டடத்துக்கு வருவதில்லை. வேறு ஆள் வருகிறார், கழுத்தில் அடையாள அட்டையோடு.

இரவுப்பணி

தாமதத்துக்கு மன்னிக்கவும், வாரம் முழுக்க வேலை.

திண்ணை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுக் காலை மறுபடி அந்தக் காவல் நிலையத்துக்குப் போனேன். அதே நாற்காலி, வேறு ஆள். "அப்போது தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தேன், உண்மையில் பறித்தார்கள், மாற்றி எழுத வேண்டும்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "நாலு மாசம் கழிச்சு என்னங்க? போன் கிடைக்கவா போவுது?" என்றார். கிடைக்காது என்று எனக்கும் தெரியும் என்றேன். "அப்புறம் எதுக்கு?" பதில் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தாள் கொடுத்தார். எழுதினேன். நகம் பெயர்ந்ததையும் சேர்த்து எழுதினேன். வழக்கு எண் போட்ட நகல் ஒன்று கையில் இருக்கிறது.

கணக்குப்புலி, அடுத்த வருடப் புள்ளிவிவரத்தில் வழிப்பறி ஒன்று கூடியிருந்தால் பதற வேண்டாம். அது நான்தான்.

திண்ணை

தம்பி, அங்கே போகும்போது என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும்?